தமிழ்நாடு மின்சார வாரியமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும்

தமிழ்நாடு மின்சார வாரியம் என்பது தமிழ்நாட்டில் மின்னுற்பத்தி, மின்செலுத்தம், மின்பகிர்மானம் ஆகிய பணிகளுக்காக 1957 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் ஆகும். 2010 நவம்பரில் இது தாய் நிறுவனம், மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், மின்தொடரமைப்புக் கழகம் எனப் பிரிக்கப்பட்டது. 2024இல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. பெயர்கள் மாறினாலும் மக்கள் வழக்கில் இவை அனைத்தும் 'மின்வாரியம்' என்றே அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரையிலும் அப்பெயரே ஆளப்படுகிறது. காற்றாற்றல், சூரிய ஆற்றல் ஆகியவற்றை நோக்கி 1986 முதல் வாரியம் மேற்கொண்ட அணுகுமுறைகளை இக்கட்டுரை விவரிக்கிறது.

இந்தியாவில் காற்று மின்சாரத்தை முதலில் பெருமளவில் ஏற்றுக்கொண்ட மின்நிறுவனங்களுள் முதன்மையானது இவ்வாரியம். ஆயினும் தமிழ்நாட்டின் காற்றாலைகளில் மிகப் பெரும்பாலானவை வாரியத்துக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றின் உரிமையாளர்களுள் கணிசமானோர், வாரியத்துக்கு மிக உயர்ந்த கட்டணம் செலுத்திவந்த நூற்பாலைகளும் பிற தொழிற்சாலைகளும் ஆவர். இதனால் சுழலும் ஒவ்வொரு காற்றாலையும் மாநிலத்துக்கு மின்சாரம் தருகிறது. அதேவேளையில் வாரியத்திடம் நல்ல விலைக்கு மின்சாரம் வாங்கிய ஒரு நுகர்வோரைக் குறைக்கிறது. வாரியம் ஒரு காலத்தில் காற்றாலைகளை வரவேற்றதையும், பிறகு கட்டுப்படுத்த முயன்றதையும் இம்முரணைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும்.

பின்னணி

சென்னை மாகாணத்தின் மின்சாரத் துறை நீர்மின் நிலையங்களைக் கொண்டே வளர்ந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. வாரியம் தோன்றியபோதும் அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு ஆறுகளிலிருந்தே கிடைத்தது. ஆகவே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வாரியத்துக்குப் புதியதன்று. ஆனால் ஏறத்தாழ 2,300 மெகாவாட் அளவோடு நீர்மின்சாரத்தின் வளர்ச்சி நின்றுபோனது. மாநிலத்தின் பெரிய ஆறுகளில் அணை கட்டத்தக்க இடங்கள் அநேகமாக முன்னரே பயன்படுத்தப்பட்டுவிட்டன. எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை ஆகிய அனல்மின் நிலையங்களும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அடுத்த தேவையை நிறைவு செய்தன. தமிழ்நாட்டில் பழுப்பு நிலக்கரி உண்டே தவிர, கருநிலக்கரி வெட்டப்படுவதில்லை. அது ஒடிசா போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து இரயிலிலும் கப்பலிலும் வரவேண்டியிருந்தது. இச்செலவே வாரியத்தின் கவனத்தைக் காற்றின் பக்கம் திருப்பிய காரணங்களுள் ஒன்று.

காற்றாலைகளின் வருகை

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து வேகப்படுத்துகின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே நிலை காணப்படுகிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை அமைக்கப்பட்டது. தொடர்ந்து கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களிலும் வாரியமே காற்றாலைகளை நிறுவியது. 1993 வரை வாரியம் நிறுவியவை 120 காற்றாலைகள். அவற்றின் மொத்தத் திறன் 20 மெகாவாட்டுக்கும் குறைவு. மின்சாரம் விற்பதைவிட, இங்கு காற்றாலை நடத்த முடியும் என்று தனியாருக்குக் காட்டுவதே அவற்றின் நோக்கமாக இருந்தது. அந்நோக்கம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நிறைவேறியது.

தனியார் முதலீட்டை இழுத்தது காற்று மட்டுமன்று. வருமான வரிச் சலுகையும் ஆகும். காற்றாலைக்குச் செலவிட்ட தொகையின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற நடுவண் அரசின் விதி, நல்ல இலாபத்தில் இருந்த நூற்பாலைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. தொழில்நுட்பம் பெரும்பாலும் டென்மார்க்கிலிருந்து வந்தது. மைக்கான், வெஸ்டாஸ் ஆகிய தேனிய நிறுவனங்கள் இந்தியப் பங்காளிகளுடன் சேர்ந்து 225 முதல் 250 கிலோவாட் வரையிலான சிறு பொறிகளை இங்கு நிறுவின.

இப்பொறிகள் பொறியியல் நோக்கில் வாரியத்துக்குத் தலைவலியாகவும் இருந்தன. அவற்றில் இருந்த தூண்டல் மின்னாக்கிகள், மின்சாரம் தரும்போதே காந்தப்புலத்துக்குத் தேவையான எதிர்வினைத் திறனை மின்வலையிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஊரகப் பகுதியின் மெலிந்த கம்பிகளில் இது மின்னழுத்தத்தைத் தாழ்த்தியது. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் நூற்றுக்கணக்கான பொறிகள் ஒருசேர இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். மின்தேக்கிகள் பொருத்துமாறு வாரியம் கேட்டதும், எதிர்வினைத் திறனுக்குத் தனிக் கட்டணம் விதித்ததும் இதனாலேயே.

மின்வைப்பு முறை

வாரியத்தின் கொள்கைகளில் மிகவும் விளைவு தந்ததும், மிகவும் சர்ச்சைக்குள்ளானதும் 'பேங்கிங்' என்று தொழில்துறையினர் குறிப்பிடும் மின்வைப்பு முறை ஆகும். கோயம்புத்தூரில் உள்ள ஆலை, முப்பந்தலில் தனக்குச் சொந்தமான காற்றாலையின் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மின்கடத்தல் கட்டணம் உண்டு. காற்று அதிகமுள்ள மாதங்களில் மீதமாகும் யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் தேவைப்படும்போது திரும்பப் பெறலாம். அதன் பிறகும் மீதமிருப்பதை வாரியம் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலை 1 மெகாவாட் திறனுள்ள காற்றாலை வைத்திருப்பதாகவும், அது தன் முழுத்திறனில் சராசரியாக 25 விழுக்காடு அளவுக்கு இயங்குவதாகவும் கொள்வோம். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 22 இலட்சம் யூனிட். ஆலையின் தேவையும் அதே அளவு என்றால் மாதத்துக்கு 1.8 இலட்சம் யூனிட் வேண்டும். ஆனால் உற்பத்தி மாதந்தோறும் சமமாக இராது. ஜூலையில் 3.5 இலட்சம் யூனிட் கிடைத்தால் 1.7 இலட்சம் யூனிட் வைப்புக்குப் போகும். 14 விழுக்காடு வைப்புக் கட்டணம் யூனிட்டாகவே கழிக்கப்பட்டு, 1.46 இலட்சம் யூனிட் கணக்கில் நிற்கும். ஆலை இதைப் பிப்ரவரியில் கேட்கும்.

மின்சாரத்தை உண்மையில் வங்கிப் பணம்போல் வைத்திருக்க முடியாது என்பதே இதில் உள்ள சிக்கல். ஜூலையில் வந்த மின்சாரம் ஜூலையிலேயே செலவாகிவிடும். பிப்ரவரியில் ஆலைக்குத் தரவேண்டியதை வாரியம் அனல்மின் நிலையத்தில் ஆக்கியோ சந்தையில் வாங்கியோதான் தரவேண்டும். வைப்புக் கட்டணம் இந்த விலை வேறுபாட்டுக்குப் போதாது என்பது வாரியத்தின் வாதம். காற்றாலைகள் இல்லாவிடில் ஜூலையிலும் நிலக்கரி எரிக்க வேண்டியிருக்கும், அந்தச் சேமிப்பை வாரியம் கணக்கில் காட்டுவதில்லை என்பது உரிமையாளர்களின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த ஆண்டில் நிலக்கரி என்ன விலை, சந்தையில் மின்சாரம் என்ன விலை என்பதைப் பொறுத்தே எவர் பக்கம் தட்டு தாழ்கிறது என்று சொல்ல முடியும்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவ்வழக்கைத் திரும்பத் திரும்ப விசாரித்துள்ளது. 2006, 2009 ஆணைகளில் 5 விழுக்காடாக இருந்த வைப்புக் கட்டணம் 2018 ஆணையில் 14 விழுக்காடு ஆனது. 2018 மார்ச் 31க்குப் பின் நிறுவப்படும் காற்றாலைகளுக்கு ஓராண்டு வைப்பு வசதியும் நீக்கப்பட்டது.

இப்பூசலுக்கு அடியில் கட்டண அமைப்பு உள்ளது. சிறு விவசாயிகளுக்கு 1984 முதல் இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. பின்னர் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வீடுகளுக்கு 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இச்செலவின் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. மற்றொரு பகுதி உயரழுத்தத் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் தரும் கூடுதல் கட்டணத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. ஓர் ஆலை தன் சொந்தக் காற்றாலைக்கு மாறும்போது அதன் கூடுதல் கட்டணமும் வாரியத்தை விட்டுப் போகிறது.

மின்வெட்டும் நீண்டகால ஒப்பந்தங்களும்

2008 முதல் 2014 வரை தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையில் இருந்தது. 2008 நவம்பரில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டை எட்டிய காலமும் இதுவே. காற்று ஓய்ந்த மாதங்களில் மின்வெட்டு கடுமையானதால், காற்றை நம்பியிருக்க இயலாது என்ற கருத்து வாரியத்திலும் அரசியலிலும் வேரூன்றியது.

அதன் விளைவாக 2013இல் வாரியம் 11 தனியார் நிறுவனங்களிடமிருந்து 3,330 மெகாவாட் அனல்மின்சாரத்தை யூனிட் ரூ. 4.91 விலையில் 15 ஆண்டுகளுக்கு வாங்க முடிவு செய்தது. மின்வெட்டு நீங்கியது. தொழிற்சாலைகள் மீதான கட்டுப்பாடுகள் 2015இல் முற்றிலும் விலக்கப்பட்டன. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். நான்கே ஆண்டுகளில், 2017இல், வாரியம் நடத்திய ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் ரூ. 3.47க்குக் கிடைத்தது. அதே ஆண்டில் காற்று மின்சாரத்தின் ஏல விலை ரூ. 3.42 ஆனது. பற்றாக்குறையின் அச்சத்தில் எடுத்த முடிவு மலிவு மின்சாரத்தின் காலத்தில் சுமையாகிவிட்டது. 2012இன் மின்வெட்டை நினைவில் வைத்திருப்போர் இம்முடிவை முழுத்தவறு என்று சொல்லத் தயங்குவர்.

2017 ஜனவரியில் தமிழ்நாடு நடுவண் அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தது. வாரியத்தின் கடனில் ரூ. 22,815 கோடியை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணம் உயர்த்தப்படாததால் கடன் மீண்டும் பெருகியது. காற்றாலை உரிமையாளர்களுக்குத் தரவேண்டிய தொகை ஓராண்டுக்கும் மேலாக நிலுவையில் இருப்பதாக அவர்களது சங்கம் பலமுறை முறையிட்டது.

உற்பத்தியை நிறுத்தச் சொல்லுதல்

காற்று, சூரிய மின்நிலையங்கள் 'கட்டாயம் இயங்கவேண்டியவை' என்பது விதி. மின்வலையின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டுமே அவற்றை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் காற்று வலுத்த இரவுகளில் தேவை குறைவாக இருக்கும். அனல்மின் நிலையத்தை ஒரு எல்லைக்குக் கீழே தணிக்க இயலாது. அணைத்துவிட்டால் மீண்டும் சூடேற்றப் பல மணி நேரமும் எண்ணெய்ச் செலவும் ஆகும். இந்நிலையில் நிறுத்துவதற்கு எளியது காற்றாலையே. நிறுத்தினால் வாரியத்துக்குச் செலவு ஏதுமில்லை, இழப்பு உரிமையாளருக்கு.

சூரிய மின்நிலையங்கள் தொடர்பாக எழுந்த இவ்வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பளித்தது. மின்வலைப் பாதுகாப்பு அல்லாத வணிகக் காரணங்களுக்காக உற்பத்தியை நிறுத்தச் செய்தால் இழப்பீடு தரவேண்டும் என்று அது கூறியது. மலிவு மின்சாரத்தைத் தள்ளிவைத்ததற்கு விலை உண்டு என்று ஆனது இத்தீர்ப்புக்குப் பிறகே.

நிறுத்தங்களைக் குறைத்ததில் சட்டத்தைப் போலவே கம்பிகளுக்கும் முன்கணிப்புக்கும் பங்குண்டு. சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2015 முதல் காற்று மின்னுற்பத்தியை முன்கூட்டியே கணித்துத் தருகிறது. பசுமை மின்வழித்தடத் திட்டத்தில் தென்மாவட்டங்களில் 400 கிலோவோல்ட் தடங்கள் அமைந்தன. சத்தீசுகரின் இராய்கரையும் கரூர் மாவட்டத்தின் புகளூரையும் இணைக்கும் 6,000 மெகாவாட் நேர்மின் தடம் 2020-21இல் பயன்பாட்டுக்கு வந்தது. வட இந்திய அனல்மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரத் திட்டமிடப்பட்ட இத்தடம், தென்னகக் காற்று மின்சாரம் மிகும் நாட்களில் எதிர்த்திசையிலும் பயன்படக்கூடியது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுகளுக்கு மேல் காற்று மின்சாரத்தை மின்வலை ஏற்றுக்கொண்டது.

ஐரோப்பிய நிறுவனங்களுடன் ஒப்பீடு

இதே நெருக்கடியை ஜெர்மனியின் பெரு மின்நிறுவனங்களான ஈ.ஆன், ஆர்.டபிள்யூ.இ. ஆகியவை வேறு வடிவில் சந்தித்தன. அந்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் உறுதியான விலை அளித்தது. வீட்டுக்கூரைகளிலும் வயல்களிலும் சூரியத் தகடுகள் பெருகின. நண்பகலில் கிடைத்துவந்த உயர்ந்த சந்தை விலை வீழ்ந்தது. அனல்மின் நிலையங்களின் இலாபமும் அதனுடன் கரைந்தது. 2011இல் புகுசிமா விபத்துக்குப் பின் அணுமின் நிலையங்களை மூடும் முடிவும் சேர்ந்துகொண்டது. 2013இல் ஆர்.டபிள்யூ.இ. 60 ஆண்டுகளில் முதல் முறையாக இழப்பைக் காட்டியது.

ஈ.ஆன் 2014 நவம்பரில் தன்னை இரண்டாகப் பிரிக்கும் திட்டத்தை அறிவித்தது. அனல்மின் நிலையங்களும் எரிவாயு வணிகமும் 2016இல் யூனிப்பர் என்ற தனி நிறுவனம் ஆயின. 2018இல் இரு போட்டியாளர்களும் சொத்துகளை மாற்றிக்கொள்ள உடன்பட்டனர். அதன்படி மின்னுற்பத்தி ஆர்.டபிள்யூ.இ.க்கும், கம்பிகளும் நுகர்வோரும் ஈ.ஆனுக்கும் சென்றன. டென்மார்க்கின் டாங் எனர்ஜி தன் எண்ணெய், எரிவாயு வயல்களை விற்றுவிட்டு, 2017இல் ஆர்ஸ்டெட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு கடற்காற்றாலை நிறுவனம் ஆனது. உருசிய எரிவாயு நின்றுபோனபோது யூனிப்பர் நிலைகுலைந்து, 2022இல் ஜெர்மானிய அரசின் உடைமையானது. பழையதைத் தனியே ஒதுக்கிவைத்தாலும் அதன் இழப்பை யாரேனும் ஒருவர் ஏற்கத்தான் வேண்டியிருந்தது.

மின்வாரியத்துக்கு அத்தகைய விற்பனை வழி இல்லை. பங்குதாரர்களுக்குப் பதிலாக அது சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. நட்டம் தரும் நுகர்வோரை விட்டு விலகவும் அதனால் இயலாது.

நுகரும் மாவட்டங்கள்: திருவண்ணாமலை

காற்று வீசும் மாவட்டங்களைவிட அம்மின்சாரத்தை நுகரும் மாவட்டங்களில் வாரியத்தின் கணக்கு தெளிவாகத் தெரியும். திருவண்ணாமலை மாவட்டம் கணவாய்க் காற்றுக்கு அப்பால், முப்பந்தலிலிருந்து 450 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே உள்ளது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் உள்ள 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் மாவட்டத் தேவையில் மிகச் சிறு பகுதிக்கே போதும். செங்கம், போளூர், ஆரணி வட்டாரங்களில் வேளாண்மை பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியது. அதற்கான மின்சாரம் இலவசம். கூடுதல் கட்டணம் தரும் பெரிய ஆலைகள் செய்யாறு சிப்காட் போன்ற சில இடங்களிலேயே உள்ளன. ஆகவே இம்மாவட்டத்துக்கு மின்சாரம் வழங்கும் செலவில் ஒரு பங்கு கோவை, திருப்பூர் ஆலைகளின் கட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது எனலாம். அவ்வாலைகள் காற்றாலைக்கு மாறியதன் பொருள் இங்குதான் உணரப்படும்.

பருவத்தின் சிக்கலுக்கும் இவ்வூர் நல்ல எடுத்துக்காட்டு. கார்த்திகை தீபம் நவம்பர்-டிசம்பரில் மாலை ஆறு மணிக்கு ஏற்றப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருக்கும்; கதிரவனும் மறைந்திருக்கும். இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்விரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் விளக்குகளுக்கும், விடுதிகளுக்கும், குடிநீர் இறைப்புக்கும் வேண்டிய மின்சாரத்தில் காற்றுக்கும் சூரியனுக்கும் உள்ள பங்கு மிகச் சிறியதே. அனல், அணு, நீர்மின் நிலையங்களே அதைத் தரவேண்டும். நெற்பயிருக்கு நீர் இறைப்பது இதற்கு நேர்மாறானது. அதை நண்பகலுக்கு மாற்றலாம், பயிர் மறுப்பதில்லை. விவசாய மின்சாரத்தைச் சூரியன் உள்ள நேரத்தில் வழங்குவதும், மானியத்தில் சூரிய மின் இறைப்பிகள் தருவதும் இக்காரணம் பற்றியே ஊக்குவிக்கப்படுகின்றன.

சூரிய மின்சாரமும் மாலை நேரமும்

2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியதாக அது பேசப்பட்டது. அதன் மின்சாரத்தை வாரியம் யூனிட் ரூ. 7.01க்கு வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. 2025 மார்ச் நிலவரப்படி மாநிலத்தின் சூரிய மின்திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது. காற்றாலைத் திறன் ஏறத்தாழ 11,700 மெகாவாட். மாநிலத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டாகப் பதிவானது.

நண்பகல் தேவைக்கு இப்போது பெரும் துணை உண்டு. சிக்கல் மாலை ஆறு முதல் பத்து மணி வரைக்கு நகர்ந்துவிட்டது. அந்நேரத்தில் மின்சந்தையில் விலை பலமுறை உச்சவரம்பைத் தொடுகிறது. 2023 ஏப்ரலில் அவ்வரம்பு யூனிட் ரூ. 10 என நிர்ணயிக்கப்பட்டது. பகலில் நீரை மேலேற்றி மாலையில் இறக்கும் கடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலேயே கட்டப்பட்டது. அன்று இரவு நேர அனல்மின்சாரத்தைச் சேமிக்க எண்ணிக் கட்டியது, இன்று நண்பகல் சூரியனுக்குப் பொருந்துகிறது. அதற்கு அடுத்ததான நீலகிரியின் குந்தா 500 மெகாவாட் திட்டத்தின் காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது.

2024 மறுசீரமைப்பு

2024இல் அனல், எரிவாயு மின்நிலையங்கள் தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகத்துக்கும், நீர்மின் நிலையங்களும் பிற புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் பிரித்தளிக்கப்பட்டன. 1980களின் நடுவிலிருந்து இயங்கிவந்த தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை பசுமைக் கழகத்துடன் இணைந்தது. எஞ்சிய நிறுவனம் மின் பகிர்மானக் கழகம் எனப் பெயர் பெற்றது. ஈ.ஆன் பழையதை வெளியே அனுப்பியது. தமிழ்நாடு புதியதைத் தனியே பிரித்தது. கடனற்ற புதிய கழகத்துக்குக் குறைந்த வட்டியில் நிதி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது ஆக்கும் மின்சாரத்தை வாங்கிப் பணம் தரவேண்டியது, பழைய நட்டங்களைச் சுமக்கும் பகிர்மானக் கழகமே. நிலக்கரியும் முடிந்துவிடவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. வட சென்னையில் 800 மெகாவாட் புதிய அலகு 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது.

பசுமைக் கழகம் 2025இல் மின்கலச் சேமிப்பு நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. இதற்கிடையே 2024 ஆகஸ்டில் அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டது. முப்பந்தல், கயத்தாறு போன்ற மிகச் சிறந்த காற்றுள்ள நிலங்களில் 1990களின் சிறு பொறிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவ்விடத்தில் 2 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள உயர்ந்த பொறிகள் நிறுவினால் உற்பத்தி பன்மடங்காகும். புதுப்பித்த காற்றாலைக்குப் பழைய மின்வைப்பு உரிமை தொடருமா என்பதே உரிமையாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பல துண்டுகளாகப் பலருக்குச் சொந்தமான நிலத்தை ஒன்றுசேர்ப்பது அதைவிடக் கடினமானது.